முனியின் காதில் ஒரு சில்வண்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். குக்கரில் பருப்பை வைத்துவிட்டு நிற்கிறேன்... ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. ஃபேன் ஓடுகிறது. எதிர்வீட்டு டிவி கேட்கிறது. தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் ஸ்பீக்கர் கத்திக்கொண்டே போகிறது. எல்லாம் வழக்கம்போலத்தான். பிறகு எது இல்லை?

அட – ட்ரம்ஸ்!

இந்தப் பத்தியைப் புதுசாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு பழைய அரிசி மில் இருக்கிறது. மில் மூடி ரொம்பக் காலமாயிற்று. அந்த ஷெட்டில்தான் 'செம்புழுதி' என்கிற ராக் பேண்ட் பயிற்சி எடுக்கிறது. நாலு பையன்கள். பாடுகிறவன் செந்தில். ஞாயிறு மதியமானால் என் அடுப்படி அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் தாமாக நகரும். வந்திருக்கிற விருந்தாளி மிரண்டு போய்ப் பார்ப்பார். "பயப்படாதீங்க, முனி அடிக்கிறான்" என்பேன்.

அதற்கப்புறம் அவர் சாப்பாட்டுக்கு நிற்க மாட்டார்.

முனி என்றால் முனியசாமி. அந்த பேண்டின் ட்ரம்மர். மணமேல்குடியில் மீனவர் வீட்டுப் பிள்ளை. நல்ல உயரம், அதற்கேற்ற தாடி. வார நாட்களில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடையில் சர்வீஸ் பார்க்கிறான். ட்ரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் நிஜமாகவே முனி இறங்கின மாதிரிதான். எழுந்துவிட்டால்... அவன் இருக்கிற இடமே தெரியாது.

அன்றைக்கு வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். பார்த்தால், முனி. கையில் ஒரு பெரிய ஹெட்போன்.

"அக்கா, வேலையா இருக்கீங்களா?"

"பருப்பு வேகுது. உள்ள வா. என்னடா ஷெட்டு இவ்வளவு அமைதியா இருக்கு?"

"இன்னைக்கு யாரும் வரலக்கா. செந்திலு பூ லோடு ஏத்தப் போயிட்டான்." ஹெட்போனைச் சட்டையில் துடைத்தான். "நீங்க எழுதுறவுங்க. இதக் கேட்டுட்டு வரி நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது."

"யாரு எழுதுனது?"

தரையைப் பார்த்துக்கொண்டே ஹெட்போனை நீட்டினான்.

மாட்டினேன். ஃபேன் போயிற்று. டிவி போயிற்று. தெருவே போயிற்று. முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு எங்கோ தூரத்தில் ஒரு கிட்டார் கம்பி. இன்னொன்று. அப்புறம் ஒரு குரல்... பாடுகிறதா, பேசுகிறதா? இருட்டில் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவர் தூக்கம் வராமல் நம்மிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது.

*அலை இல்லாத ஊரில் பிறந்தேன் –*
*கரைக்கு வர எனக்கு அவசரமில்லை...*

மணமேல்குடிக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே கடலில் அலை அடிக்காது. கண்மாய் மாதிரி கிடக்கும். அந்தக் கடலேதான் பாடுகிறதோ என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த பாட்டு ஒரு பஸ்ஸைப் பற்றி. ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குகிற முன்பின் தெரியாத ஒரு பெண். அவள் இறங்க வேண்டிய ஊர் எதுவென்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அதே கவலை.

*உன் ஊர் வந்தா யார் எழுப்புவா, பெண்ணே?*
*கண்டக்டர் விசிலை மெல்ல ஊதுறார்...*

குக்கர் விசில் அடித்தது. ஹெட்போனைக் கழற்றாமலே அவசரமாக எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் விசில்! அணைத்த அடுப்பில் எப்படி விசில் வரும்? ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குக்கரைப் பார்த்தால், அது பாட்டுக்கு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

முனி முதல்முறையாகச் சிரித்தான். "அது பாட்டுக்குள்ள இருக்குதுக்கா. ஷெட்டுலதான் ரெக்கார்டு பண்ணேன். சுத்திப் போர்வையெல்லாம் கட்டியும் ஒங்க வீட்டு விசிலு உள்ள வந்துருச்சு. எடுத்துறலாம்னுதான் பாத்தேன்... சரியா சுருதில வந்து நின்னுச்சு. மனசு வரல."

ஆக, ஆல்பமாக வெளியிட வைத்திருக்கிற எல்லாப் பாட்டும் அவன் எழுதியது. அவனே பாடியது. ஞாயிறு தவறாமல் அதிர்கிற அதே சுவருக்குப் பின்னால், மற்ற நாட்களில் கடை முடிந்து வந்து ஒருத்தன் தனியாக உட்கார்ந்து முணுமுணுத்திருக்கிறான். அடுப்படியில் நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் குக்கருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது!

"நல்லாருக்கா?"

"நல்லாருக்காவா? என்னைய எங்கெங்கேயோ கூட்டிட்டுப் போயிருச்சுடா. ஆனா ஒண்ணு – ட்ரம்ஸ் எங்க? நீ ட்ரம்மர். ஒன்னோட ஆல்பத்துல ஒரு அடி கூட இல்லையே?"

மூன்றாவது பாட்டை வைத்தான். ஆல்பத்தின் பெயரே அந்தப் பாட்டுதான். 'சில்வண்டு'.

*என் காதுக்குள்ள ஒரு சில்வண்டு குடியிருக்கு –*
*போகச் சொன்னா பாடுது,*
*பாடச் சொன்னா அழுவுது...*

மரத்தில் கத்துகிற வண்டைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். இல்லை.

"நெசமாவே காதுக்குள்ளதான்க்கா" என்றான். "குக்கரு கெளம்புறதுக்கு முன்னாடி ஸ்ஸ்ஸ்னு ஒண்ணு வரும்ல? அதே மாதிரி. ஆனா நிக்காது. ரெண்டு காதுலயும். போன வருசத்துலேருந்து."

திருச்சியில் டாக்டரிடம் போயிருக்கிறான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "நான் ரொம்ப நேரம் அமுக்கவே இல்லக்கா. மிஷினு ரிப்பேருன்னு நெனச்சேன். வெளிய பாத்தா, டெஸ்ட் எடுக்குற பொண்ணு மிஷினயும் பாக்குது, என்னையும் பாக்குது..."

போன கேட்கும் சக்தி திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ட்ரம்ஸை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவன் விடவில்லை. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு அடித்திருக்கிறான். ஆனால் படுத்தால் தூக்கம் வராது. ஊர் அடங்கியதும் வண்டு ஆரம்பித்துவிடும். அதை அமுக்குவதற்காக அதோடு சேர்ந்து மெதுவாக ராகம் இழுத்திருக்கிறான். இரண்டும் ஒட்டிப் போனபோது சத்தம் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்திருக்கிறது. இழுத்த ராகத்துக்கு வார்த்தை தானாக வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறான். அப்படி வந்தவைதான் எல்லாப் பாட்டும்.

"செந்திலுக்குத் தெரியுமா?"

"எது? காதா, பாட்டா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுமே தெரியாதுக்கா."

செந்தில் கீரமங்கலத்துக்காரன். பூ விவசாயம் பார்க்கிற குடும்பம். பேண்டுக்கு அவன்தான் பாடகன், அவன்தான் பாட்டும் எழுதுவான். ரோட்டுப் பள்ளம், கரண்ட் கட், வேலை கிடைக்காத கோபம் என்று எல்லாவற்றையும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவான். கேட்க வந்த பிள்ளைகள் கூடவே கத்தும். இவனும் முனியும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்ச்.

"காதுன்னு சொன்னா என் காதக் காப்பாத்தணும்னு பேண்டையே கலைச்சுருவான்க்கா, அவன் கொணம் அப்படி. பாட்டச் சொல்லலாம்னா... எங்களுக்கு எழுதுறவன் அவந்தானே? நானும் எழுதுறேன்னு எப்படிப் போயி நிக்கிறது?"

"வேற யாரோ சொல்லித் தெரிஞ்சா இன்னும் மோசம்டா. மொதல்ல நீ சொல்லு."

தலையாட்டினான். சிலர் தலையாட்டுவதற்குச் 'சரி' என்று பொருள். முனி தலையாட்டினால் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்று மட்டும்தான் பொருள்.

வெள்ளிக்கிழமை ஆல்பம் இணையத்தில் வந்துவிட்டது. செந்திலுக்கு யார் சொன்னார்கள் தெரியுமா? பூ மார்க்கெட்டில் ஒரு கல்லூரிப் பையன். "அண்ணே, முனி அண்ணன் தனியா ஆல்பம் போட்டுட்டாராமே! பேண்டு பிரிஞ்சுருச்சாண்ணே?"

மறுநாள் மதியம் சுவருக்குப் பின்னாலிருந்து செந்திலின் சத்தம். எத்தனையோ பாட்டில் அவன் கத்திக் கேட்டிருக்கிறேன். இது பாட்டில்லை.

"போறதுன்னா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானடா! ஊருல போறவன் வந்து எனக்குச் சொல்றான்!"

முனியின் குரல் கேட்கவில்லை.

"இத்தன வருசமா என் பாட்டுக்கு அடிச்சியே... எல்லாம் குப்பைன்னு நெனச்சுக்கிட்டே அடிச்சியாடா? வாயத் தெறந்து சொல்லுடா!"

பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். முனி கிட்டார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துகொண்டிருந்தான். செந்தில் மில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை.

"காதைப் பற்றிச் சொல்லிவிடலாமா?" – நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அது என்னுடைய செய்தி இல்லையே! அடுத்தவர் வேதனையை நாம் முந்திக்கொண்டு சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது பாருங்கள்... அதைவிட அசிங்கமான சந்தோஷம் வேறு கிடையாது. அடக்கிக்கொண்டேன்.

"பாட்ட முழுசாக் கேட்டியா?" என்றேன்.

"அதக் கேட்டா என்னக்கா, கேக்காட்டி என்ன?"

"கேளு. அதுக்கப்புறம் திட்டு. நானும் கூடத் திட்டுறேன்."

போனை எடுத்து, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டான்.

ஒருவர் பாட்டுக் கேட்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நமக்கு எதுவும் கேட்காது. அவர் முகத்தில் மட்டும் என்னவோ நடந்துகொண்டிருக்கும். மில் கூரை ஓட்டையிலிருந்து வெயில் விழுந்து, அதில் தவிட்டுத் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. செந்திலின் தாடை இறுகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தளர்ந்தது. ஒரு இடத்தில் சிரிப்பு வரப் பார்த்து அடங்கியது. பஸ் பாட்டாக இருக்க வேண்டும். அடுத்த பாட்டு ஓடும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பட்டனைத் தட்டி அதே பாட்டை மறுபடி கேட்டான்.

"அக்கா... இது மரத்துல கத்துற வண்டு இல்லையே?"

ஆறிப்போன டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"அதான் அந்தப் பய கொஞ்ச நாளா எதச் சொன்னாலும் ஆங், ஆங்னு கேட்டானா! வேணும்னே பண்றான்னுல்ல நெனச்சேன்..." எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "என்னமா எழுதியிருக்கான்க்கா! எனக்குக் கத்துறதுக்குத்தான் வார்த்தை வரும். இவன் எங்கேருந்து எடுத்தான் இதெல்லாம்?"

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது வருத்தமா, பொறாமையா? இரண்டும்தான். இரண்டும் ஒரே தட்டில் வந்தால் என்ன செய்வது, சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் வேன் ஹாரன். மார்க்கெட்டில் லோடை இறக்கிவிட்டு செந்தில் வந்திருந்தான். "மணமேல்குடிக்குப் போறேன்க்கா. நீங்களும் வாங்க. தனியாப் போனா திரும்பவும் சண்டைதான் போடுவேன்."

பூ இறக்கின வேனில் போயிருக்கிறீர்களா? பூ இல்லை, வாசம் மட்டும் உட்கார்ந்து வரும். சம்பங்கியும் மல்லிகையும் கலந்து, லேசாகத் தலை சுற்றுகிற வாசம். காலைப் பனி இன்னும் விலகவில்லை. அறந்தாங்கி தாண்டினபோது கருவை மரங்கள் புகை மாதிரி பின்னால் ஓடின. தூக்கத்தில் போகிற மாதிரியே போய்ச் சேர்ந்தோம்.

கடலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியவில்லை. படகுகள் நடுவில் எதன் மேலும் படாமல் நின்றன.

முனியின் அப்பா கரையில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"வாங்கத்தா! வாப்பா செந்திலு!" கடற்கரை முழுக்கக் கேட்கிற குரல். "அவன் அங்கிட்டு நிக்கிறான் பாரு, தண்ணிக்குள்ள!"

தூரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு ஆள். செந்தில் செருப்பைக் கழற்றினான். பேன்ட்டை மடிக்கக்கூட இல்லை, அப்படியே இறங்கி நடந்தான். அந்தக் கடலில் நடந்துகொண்டே இருக்கலாம், ஆழம் வராது.

"ஒங்ககிட்ட சொல்லிட்டானாங்கய்யா? காது விஷயம்..." என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னத்தா?"

உரக்கக் கேட்டேன்.

"நேத்து வந்ததும் சொன்னான்." கையைத் துணியில் துடைத்தார். "எனக்கும் பாதிக் காதுதான்த்தா. படகு எஞ்சினு சத்தம் தின்னுருச்சு. கரைக்கு வந்தா பொண்டாட்டி பேசுறதே கேக்காது... வீட்டுக்கு ஒருத்தன் போதாதா?"

அவர் அதைக் கத்தித்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது ரொம்ப மெதுவாகக் கேட்டது.

இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் இரண்டு உருவங்கள். செந்தில் கையை வீசி வீசிப் பேசினான். முனி நின்றான். செந்தில் தண்ணீரை ஓங்கி உதைத்தான், வெள்ளியாகத் தெறித்தது. முனி கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுக் காட்டினான். செந்தில் அசையாமல் நின்றுவிட்டான். அப்புறம் அவன் செய்தது எனக்குச் சாகிறவரை மறக்காது. கிட்டே போய், முனியின் தலையைப் பிடித்து இழுத்து, அவன் காதோடு தன் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான்.

அந்த வண்டு அவனுக்கும் கேட்டுவிடுமா என்ன?

ரொம்ப நேரம் அப்படியே நின்றார்கள். அப்பா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு படகின் மறுபக்கம் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது இருவரும் இடுப்பு வரை நனைந்திருந்தார்கள். "என்னடா பேசுனீங்க?" என்றேன்.

"சண்டைதான்க்கா போட்டோம்" என்றான் செந்தில். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு முனியைப் பார்த்து, "நீ இனிமே அடிக்க வேணாம். எழுது. நான் பாடுறேன்" என்றான்.

"கத்தாமப் பாடுவியா?"

"அட, பாடுவேன்டா!"

படகு நிழலில் உட்கார்ந்து முனி கிட்டாரை எடுத்தான். செந்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். முதல் வரியிலேயே குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினான், காற்றுதான் வந்தது. மைதானமே அதிரப் பாடுகிறவனுக்கு மெதுவாகப் பாட வரவில்லை! வெட்கத்தில் மண்ணைக் கிளறினான். "நான் பாடுறேன், நீ எனக்குப் பின்னாடியே வா" என்றான் முனி. முனி முன்னால் போக, செந்திலின் குரல் இரண்டடி பின்னால், கட்டிலில் தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் நடக்கிறவன் மாதிரி போயிற்று. அவனுக்கு இப்படியும் ஒரு குரல் இருந்திருக்கிறது, அவனுக்கே தெரியாமல்.

ட்ரம்மர் என்றால் அடிப்பார், பாடகர் என்றால் கத்துவார் என்று நாமே எழுதி ஒட்டிவிடுகிறோம். ஒட்டின சீட்டை ஒருநாளும் தூக்கிப் பார்ப்பதில்லை. கூடவே இருக்கிற ஆளிடம் 'உனக்குள் வேறென்ன இருக்கிறது?' என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. வருகிறவரை கொஞ்சம் சும்மா இருங்கள், அவ்வளவுதான்.

முனியின் காதில் வண்டு இன்னும் இருக்கிறது. அது போகாதாம். இருக்கிற கேட்கும் சக்தி குறையவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செம்புழுதி கலையவில்லை. ஆனால் வேறு ட்ரம்மர் இன்னும் கிடைக்கவில்லை. ஆல்பத்தைப் பெரிய கூட்டமெல்லாம் கேட்டுவிடவில்லை. கேட்டவர்கள் திரும்பக் கேட்கிறார்கள்.

போன வாரம் இங்கே ஒரு கல்லூரியின் சின்ன ஹாலில், சாயங்காலம், முதல்முறையாக அந்தப் பாட்டுகளை மேடையில் பாடினார்கள். எப்போதும் பின்னால் உட்கார்ந்திருக்கிற முனி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் செந்தில். "ட்ரம்ஸ் எங்கண்ணே?" என்று பின்பெஞ்ச் விசிலடித்தது. முதல் பாட்டு முழுக்க நாற்காலி இழுக்கிற சத்தம். இரண்டாவது பாட்டில் அது குறைந்தது. அப்புறம் யாரும் எழுந்து போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, லைட் போட யாருக்கும் தோன்றவில்லை.

நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கல்லூரி வாட்ச்மேன், வயதானவர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கைதட்டல் வந்தது. அதற்கும் அவர் எழவில்லை. எனக்குத்தான் சங்கடம். மேடையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிவாரே!

முடிந்ததும் முனி ஓடி வந்தான். "அக்கா, பாத்தீங்களா? அந்த வாட்ச்மேன் அண்ணன்..."

"பாத்தேன்டா. பாவம், அசதியா இருக்கும். மனசுல வச்சுக்காத."

"ஐயோ, என்னக்கா நீங்க!" அவன் முகமெல்லாம் சிரிப்பு. "நான் வாசிச்ச எடத்துல ஒரு ஆளு தூங்கி இதுவரைக்கும் நான் பாத்ததே இல்ல. எப்படித் தூங்குனாரு பாத்தீங்களா... கொறட்டை விட்டுக்கா!"

கைதட்டல் எல்லோருக்கும் கிடைத்துவிடும். குறட்டை கிடைக்கத்தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!